கடை வாசல் பந்தலும் மின்சாரமும்

கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளிச் சாலையின் வியாபாரமே வேறு. தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஐயப்ப பக்தர்களின் வண்டி நிற்கும் ஊர்களிலெல்லாம் நம் உறுப்பினர்களின் கடை வாசலில் தகரப் பந்தலும், இரும்பு பெஞ்சும், சீரியல் விளக்கும் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான். மாலை போட்டவர்களில் பெரும்பாலோர் செருப்பு அணிவதில்லை. சுருளியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து உட்காருபவர்கள் பலர். ஆகவே மற்ற ஊர்க் கடைக்காரர்களைவிட நமக்கு இந்த விஷயத்தில் கவனம் அதிகம் வேண்டும்.

நம்மில் பலர், "பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, பிறகென்ன பயம்?" என்கிறார்கள். பியூஸ் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. கணக்குப் பார்த்தால் புரியும். 15 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரம் சுமார் 65 மில்லி ஆம்பியர். அந்த அளவு ஒருவருடைய நெஞ்சின் வழியாகச் சில விநாடிகள் பாய்ந்தால் இதயம் நின்றுவிடக்கூடும். 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர். மனிதன் விழுந்து கிடப்பான், பியூஸ் அப்படியே இருக்கும்.

எர்த் போட்டிருக்கிறோமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடையில் காய்ந்து கிடக்கும் எர்த் குழியின் தடை 20 ஓம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் இதற்குப் போகாது. பந்தல் கால், பெஞ்சு, தகரம் எல்லாவற்றிலும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். எர்த் அவசியம்தான், அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் வேண்டும். ஓரிரு மூட்டை அரிசி விலைதான் ஆகும். அதில் 'டி' என்று எழுதிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமாவாசைப் பூசையன்று அதை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் கருவி வெறும் அலங்காரம்.

2023 ஜூன் மாதம் புதுடெல்லி ரயில் நிலைய வாசலில், மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் மின்கம்பத்தைப் பிடித்த ஒரு பெண்மணி அந்த இடத்திலேயே இறந்து போனார். தலைநகரத்திலேயே அப்படி என்றால், முறுக்கு ஒயரை இரும்புக் காலில் சுற்றி, டேப் ஒட்டி விடுகிற நம் பந்தல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போகும் ஒயர் ஒட்டில்லாத ஒரே துண்டாக, பி.வி.சி. குழாய்க்குள் போக வேண்டும். சுவிட்சும் பிளக்கும் கடைக்கு உள்ளேயே இருக்கட்டும். விளக்கு வாங்கும்போது ஐ.பி. 65 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தூசியும் மழையும் உள்ளே போகாது என்பதற்கான குறி அது.

பந்தலின் உயரத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். 1956ஆம் வருட மின்சார விதிகள் சொன்னபடி, சாதாரண தெருக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் மேலே 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். 11,000 வோல்ட் கம்பி தலைக்கு மேலே போனால் 3.7 மீட்டர். பிறகு 2010இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் இதே அளவுகள்தான். பந்தல் முடிந்த பிறகு அளப்பதைவிட, இரும்புக் குழாயை நிமிர்த்துவதற்கு முன் அண்ணாந்து பார்ப்பது நல்லது. நிமிர்த்தும்போதுதான் குழாய் சாய்ந்து கம்பியில் படுகிறது.

"இந்தத் தொல்லையே வேண்டாம், சோலார் போட்டுவிட்டேன்" என்கிறார்கள் சிலர். உட்காரும் இடத்துக்கு 12 வோல்ட் பேட்டரி விளக்கு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருந்தால் போதும். ஆனால் பல பலகைகளை வரிசையாக இணைத்தால் கதை வேறு. 330 வாட் பலகை ஒன்று சுமார் 45 வோல்ட்; எட்டைக் கோத்தால் 300 வோல்ட்டுக்கு மேல். வெயில் இருக்கும்வரை பலகையை யாரும் 'ஆஃப்' செய்ய முடியாது. நேர்மின்சாரத்தில் பொறி கிளம்பினால் எளிதில் அணையாது. வீட்டு எம்.சி.பி.யை அங்கே மாட்டுவது தவறு, டி.சி.க்கென்றே விற்பதை வாங்குங்கள். இன்னொன்று, நம் பள்ளத்தாக்கின் காற்று. ஆனி, ஆடியில் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள பலகையைத் தகரத்தோடு பெயர்த்துத் தெருவில் போடும். ஆணியால் நிற்காது. தனி இரும்புச் சட்டமும் போல்ட்டும் கான்கிரீட் காலும் வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இருவழிச் சுவிட்சு இல்லாமல் இணைத்தால், நம் கடை மின்சாரம் திரும்பத் தெருக் கம்பிக்கு ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் நிற்கும் லைன்மேன் நமக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்.

தெருக் கம்பியில் கொக்கி போடுவது 2003ஆம் வருடச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் மின்திருட்டு. தற்காலிக இணைப்பு முறையாகக் கிடைக்கும். அறுந்து தொங்கும் கம்பியையோ பொறி விடும் கம்பத்தையோ கண்டால் மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லலாம்.

உரிமம் பெற்ற ஒயரிங்காரரை ஐப்பசி முதல் வாரத்திலேயே பிடித்துவிடுங்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் அவரும் மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்.