நம்மைத் தாங்கும் முள்ளந்தண்டு

நிமிர்ந்து நின்று சுவாமியைத் தரிசிக்கிறோம். நிலத்தில் வீழ்ந்து வணங்குகிறோம். இரண்டுக்கும் துணைநிற்பது நமது முள்ளந்தண்டாகும். யோக நூல்கள் இதனை மேருதண்டம் என்று கூறும்.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பியலை அக்காலத்தில் 'அங்காதிபாதம்' என்றனர். அந்தப் பாடத்தில் ஒரு சிறு பகுதியை நாமும் அறிந்துகொள்வோம்.

முள்ளந்தண்டு ஒரே எலும்பன்று. குழந்தையில் 33 முள்ளென்புகள் உள்ளன. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5, அதன் கீழே 5, நுனியில் 4 என அவை அமைந்துள்ளன. வளர்ந்தவர்களில் கடைசி இரு தொகுதிகளும் தனித்தனியே ஒட்டி, ஒவ்வோர் எலும்பாகிவிடுகின்றன. ஆகவே மொத்தம் 26 எலும்புகளே எஞ்சும்.

முதலாம் கழுத்தென்பு மண்டையோட்டைத் தாங்குகிறது. "ஆம்" என்று தலையசைப்பது அந்த மூட்டில்தான். "இல்லை" என்று தலையைத் திருப்புவது முதலாம், இரண்டாம் என்புகளுக்கு இடையில் நிகழ்கிறது. நெஞ்சுப் பகுதி என்புகளில் 12 சோடி விலா எலும்புகள் பொருந்தியுள்ளன. நாரி என்புகளே மிகப் பெரியவை. உடம்பின் பாரம் அதிகம் இறங்குவது அங்கேதான்.

பெரும்பாலான முள்ளென்புகளின் முன்பாகம் உருளை போன்றது. பின்னால் ஒரு வளையமும், முதுகில் கைக்குத் தட்டுப்படும் முள்ளும் உண்டு. என்புகளுக்கிடையே உள்ள மெத்தை போன்ற வட்டத்தட்டுகள் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டு ஒரு குழாயாகின்றன. அதனுள்ளே முண்ணாண் செல்கிறது. அதிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்பட்டுக் கை, கால், உடல் எங்கும் பரவுகின்றன.

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டும் நம் தாய்மாரின் கழுத்தென்புகள் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. கூடை நிறையும் முன்பே இறக்கி வைப்பது நல்லது. பாரம் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

மலைச்சரிவிலோ மரத்திலிருந்தோ ஒருவர் விழுந்தால், பதறிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். எழுப்பி உட்காரவைக்கவும் வேண்டாம். உடைந்த எலும்பு பொருந்தும். அறுந்த முண்ணாண் மீண்டும் வளராது. தலை, கழுத்து, முதுகு மூன்றும் அசையாமல் பார்த்துக்கொண்டு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். ஆபத்தான இடமாகி நகர்த்தியே ஆகவேண்டுமெனில், பலர் சேர்ந்து உடலை ஒரே நேராகப் பிடித்துப் பலகையில் ஏற்றுங்கள்.

அந்த நேரத்து நிதானம் ஒருவரை வாழ்நாள் முழுதும் நடக்கவைக்கும்.