கோயம்புத்தூர் பெயரைச் சுமந்த விமானம்: கற்பனை மாடல் செய்ய வருகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் பறந்திருக்கக்கூடிய, ஆனால் பறக்காத சண்டை விமானங்களைச் சிறிய அளவில் செய்து பார்க்கும் கலைக்கு வாட்-இஃப் மாடல் என்று பெயர். கோயம்புத்தூர் கணபதியில், வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் பேட்டர்ன் பட்டறையில் மரம் செதுக்கியே காலம் தள்ளியவன் நான். விமான மாடல் ஆசையோடு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி வந்ததை இப்போது எழுதிவைக்கிறேன்.

1. கற்பனைக்கு முன்னால் நிஜத்தைப் படியுங்கள். நம் ஊரிலிருந்தே தொடங்கலாம் கண்ணுகளா. 1941-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 264-வது ஸ்குவாட்ரனில் கறுப்பு வண்ணம் பூசிய ஓர் இரவுச் சண்டை விமானம் இருந்தது. போல்ட்டன் பால் நிறுவனம் செய்த டிஃபையன்ட். அதன் எண் N1801. அதன் உடம்பில் ‘கோயம்புத்தூர் 2’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். டெஸ்மண்ட் ஹியூஸ் ஓட்ட, ஃப்ரெட் கேஷ் பின்னால் சுழலும் கூண்டில் உட்கார்ந்து சுடுவார். சென்னை மாகாணத்தில் வசூலான போர் நிதிக்கு நன்றியாக அந்த ஸ்குவாட்ரனுக்கே ‘மதராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒற்றை எஞ்சின் சண்டை விமானம் ஒன்றுக்கு அன்று நன்கொடையாளர்களிடம் சொன்ன விலை 5,000 பவுண்ட். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 66,700 ரூபாய். பருத்தி விற்ற காசும் ஆலைக் காசும் இங்கிலாந்தின் இரவு வானத்தில் பறந்த கதை இது. இந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

2. ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என் அறிவுரைகளில் ஒன்றைத்தான் மனதில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

டிஃபையன்டுக்கு முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் இருந்த சுழல் கூண்டில்தான் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. 1940 மே மாதம் பிரான்ஸின் டன்கர்க் வானத்தில் இது எதிரியைத் திகைக்க வைத்தது. பிறகு எதிரி கற்றுக்கொண்டான். முன்னாலிருந்தும் கீழிருந்தும் வந்து அடித்தான். அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் பகல் சண்டையில் டிஃபையன்டுகள் வரிசையாக விழுந்தன. அதன் பின்தான் இரவு வேலைக்கு மாற்றப்பட்டு, கறுப்பு வண்ணம் ஏறியது.

அதே 1940-ல் போல்ட்டன் பால் ஒரு யோசனை சொன்னது. கூண்டைக் கழற்றிவிட்டு, இறக்கையில் 12 இயந்திரத் துப்பாக்கிகள் வைத்த ஒற்றை ஆள் விமானம். வேண்டுமானால் 20 மி.மீ. பீரங்கிகளும் வைக்கலாம். அதற்கு பி.94 என்று பெயர். டிஃபையன்டின் முதல் மாதிரி விமானமான கே 8310-ன் கூண்டைக் கழற்றிப் பறக்கவும் விட்டுப் பார்த்தார்கள். ஆனால் உற்பத்திக்கு அது போகவேயில்லை. ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானங்கள் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன.

நீங்கள் நுழைய வேண்டிய வாசல் இதுதான். “பி.94-க்கு உற்பத்தி உத்தரவு கிடைத்திருந்தால்?” கேள்வி அவ்வளவே. இதோடு ஜெட் எஞ்சினையும் பின்னோக்கி மடிந்த இறக்கையையும் சேர்த்தால் அது பொம்மையாகிவிடும். பார்க்கிறவர் ஒரு கணமாவது “இது நிஜமாகவே இருந்ததோ?” என்று நிற்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை உழைப்பும்.

3. மாற்றிய ஒன்றின் விளைவுகளை எல்லாம் தொடர்ந்து போங்கள். கூண்டும் அதில் இருந்த ஆளும் போனால் விமானத்தின் எடை மையம் முன்னால் நகரும். வடிவமைத்தவர் அதை எப்படிச் சரிக்கட்டியிருப்பார்? பின்னுடம்பில் பெட்ரோல் தொட்டி வைத்திருப்பாரா? அப்படியானால் அதற்கு நிரப்பு மூடி எங்கே? இறக்கையில் துப்பாக்கி வந்தால் குண்டு நிரப்பும் பலகைகள் வேண்டும். காலி உறைகள் விழ அடியில் துளைகள் வேண்டும். இத்தனைக்கும் பென்சிலில் கோடு போட்ட பிறகே கத்தியை எடுங்கள். வெளியே தெரியாத தொட்டியை யோசித்தவர்தான் வெளியே தெரியும் மூடியைச் சரியான இடத்தில் வைப்பார்.

4. அளவு. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதைக் கணக்கில் சேர்க்காத பேட்டர்ன் குப்பைக்குத்தான் போகும். அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். டிஃபையன்டின் இறக்கை அகலம் சுமார் 12 மீட்டர். 1/72 அளவில் அது ஏறக்குறைய 166 மி.மீ., 1/48 அளவில் 250 மி.மீ. பீரங்கிக் குழல் நிஜத்தில் 5 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் 1/72-ல் 0.7 மி.மீ. மருந்துக் கடையில் கிடைக்கும் 22 கேஜ் ஊசி கிட்டத்தட்ட அதே தடிமன். புது ஊசியாக வாங்கி, முனையை அரத்தில் மழுக்கிவிட்டு வெட்டுங்கள்.

5. கருவிகளுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். நல்ல கட்டர், மெல்லிய கத்தி, சின்ன கை டிரில், 400-லிருந்து 2000 வரை எமரித் தாள், ஒரு வெர்னியர். ஏர்பிரஷ் பிறகு வரட்டும். முதலில் வாங்கும் பிளாஸ்டிக் விமானக் கிட் விலை குறைந்ததாக இருக்கட்டும். வெட்டப் போவதை விலை உயர்ந்ததாக வாங்கினால் கை நடுங்கும்.

6. பசை. பிளாஸ்டிக் பசை இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கும்; அதனால் உடம்புக்கும் இறக்கைக்கும் அதுதான். ஃபெவிக்விக்கை விமானி அறையின் கண்ணாடி மூடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டால் மூடி வெள்ளையாக மங்கிவிடும். மூடிக்கு ஃபெவிகால் போதும். கூண்டை எடுத்த ஓட்டையைப் பிளாஸ்டிக் தகடால் அடைத்து, மேலே புட்டி மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள். ஒரே தடவையில் அப்பினால் காய்ந்ததும் குழி விழும். தேய்த்து முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு விரலுக்குத் தப்பாது.

7. வண்ணம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மாடியில் ஸ்பிரே செய்யாதீர்கள். பாதி வண்ணம் பக்கத்து வீட்டுக்கும், தெருத் தூசி முழுவதும் உங்கள் விமானத்துக்கும் போகும். ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தால் ஈரத்தில் வெளுத்துவிடும். இரவு விமானம் என்பதற்காகத் தனிக் கறுப்பைப் பூசவும் வேண்டாம். இத்தனை சின்ன உருவத்தில் முழுக் கறுப்பு எல்லாக் கோடுகளையும் விழுங்கிவிடும். கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்புதான் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். எழுத்தும் சின்னமும் அச்சான டெக்கால் தாளை ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிய பின் மேட் வார்னிஷ். டெக்காலை வீட்டிலேயே அச்சடிக்கலாம் என்றால், சாதாரணப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கறுப்பு உடம்பில் வெளிர் எழுத்து வேண்டுமானால் மெல்லிய தூரிகைதான் துணை.

8. தேதியில் ஏமாற்றாதீர்கள். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கே பூட்டிய முதல் ஹாக் சண்டை விமானம் 1942 ஜூலையில் பறந்தது. பிறகு அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுது பார்ப்பதே அங்கே முதல் வேலையாகிவிட, ஹாக் சிலவற்றோடு நின்றுபோனது. நிற்காமல் போயிருந்தால்? அருமையான கேள்வி. ஆனால் மஜும்தார் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் லைசாண்டர் விமானங்களோடு பர்மாவின் டவுங்கூவுக்குப் போனது 1942 பிப்ரவரியில். அவர்களிடம் பெங்களூர் ஹாக்கைக் கொடுக்க உங்களால் முடியாது. அது இன்னும் பிறக்கவில்லை. 1943-ல் கொடுக்கலாம். அப்போதும் விமானத்தின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு வைக்காதீர்கள். ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பும் என்று கிழக்குப் போர்முனையில் சிவப்பை நீக்கி, இரண்டு நீலங்களாக ஆக்கினார்கள்.

9. விமானத்தைச் செய்யும்போது மனிதர்களை மறக்காதீர்கள். போர் நிதிக்குப் பணம் கொடுத்த இதே கோவை ஜில்லாவில்தான் 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தார்கள். எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். பின்னாளில் அதே சூலூரில்தான் நம் தேஜஸ் சண்டை விமான ஸ்குவாட்ரன்கள் நின்றன. ‘கோயம்புத்தூர் 3’ என்று உங்கள் பி.94-க்குப் பெயர் எழுதும்போது, நிதி கொடுத்தவரும் தீ வைத்தவரும் நம் ஊர்க்காரர்களே என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். இரண்டு பேரையும் மதிக்க என்னால் முடிகிறது. தீ வைத்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்றும் நினைக்கிறேன்.

10. அடிப்பலகையில் ‘கற்பனை’ என்று தெளிவாக எழுதுங்கள். எந்த இடத்தில் வரலாறு நின்றது, எங்கிருந்து உங்கள் கை தொடங்கியது என்று இரண்டு வரி போதும். பள்ளிக் கண்காட்சிக்கு வரும் குழந்தை பொய்யை வரலாறாக எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கூடவே கூண்டு வைத்த நிஜ டிஃபையன்டையும் செய்து பக்கத்தில் நிறுத்துங்கள். ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட டிஃபையன்டுகளில் இன்று முழுதாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, N1671. அதுவும் இங்கிலாந்து அருங்காட்சியகத்தில். நம் ஊர்ப் பெயர் எழுதிய N1801-ஐ இனி நீங்கள்தான் செய்து காட்ட வேண்டும்.