பிள்ளை யார் கையில்?



சேமிப்பு, கடன், வட்டி, கணக்கு எழுதுதல் என்று எத்தனையோ பாடங்களை நாம் படித்திருக்கிறோம். இந்தப் பாடம் நம் வீட்டு வாசலில் தவழுகிற பிள்ளையைப் பற்றியது. மேலே படிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இந்த நிமிஷம் உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை யார் கையில் இருக்கிறது? "இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்" என்று மனசில் பதில் வந்தால், இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

சிரிப்புக்குக் குறைவில்லை

எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஏழு பேர். நடுவில் ஒன்றரை வயதுப் பேரன். அவன் செய்கிற கூத்துக்கு அளவே இல்லை. ஒரு நாள் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைக் காணோம். மூன்று நாள் வீட்டையே புரட்டினோம். நாலாம் நாள் உலைக்கு அரிசி அள்ளப்போனால், அரிசிக்குள்ளிருந்து வருகிறது கண்ணாடி! இன்னொரு நாள் பவுடர் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மாவுக்குள் விழுந்த பூனைக்குட்டி மாதிரி வந்து நின்றான். என் குழு பாஸ்புக்கில் பேனாவால் கோலம் போட்டுவைத்ததும் அவன்தான்.

"அப்பாயி" என்று கூப்பிட வராது. "பாயி" என்பான். நாள் முழுக்கக் களையெடுத்து வந்த இடுப்புவலி அந்த ஒரு சொல்லில் பறந்துவிடும்.

தாத்தாவின் தோள், சித்தியின் மடி, சித்தப்பாவின் வண்டி, தூளி ஆட்ட ஆள். கூட்டுக்குடும்பத்தில் பிள்ளைக்கு என்ன குறை? "இத்தனை பேர் இருக்கோம், பிள்ளைக்கு என்ன ஆயிடப் போவுது?" என்றுதான் நானும் இருந்தேன்.

அன்றைக்கு நடந்தது

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கம். சின்ன வெங்காயம் அறுவடை சமயம். வாசலில் வெங்காயம் குவிந்து கிடக்க, எல்லோரும் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தோம். பேரன் வெங்காயத்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

அடுப்பில் சோறு பொங்குகிறது என்று மருமகள் எழுந்தாள். "அத்தை, பிள்ளைய பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதே நேரம் வெங்காய வியாபாரி வந்தார். நான் விலை பேச எழுந்துவிட்டேன். பிள்ளை தாத்தாவிடம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். சித்தியிடம் இருக்கிறான் என்று தாத்தா நினைத்தார். அம்மாவோடு போய்விட்டான் என்று சித்தி நினைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை போட்ட கூச்சல்தான் கேட்டது. "ஆயா, தம்பி தண்ணிக்குள்ள!"

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற பிளாஸ்டிக் தொட்டி. தலை உள்ளே, இரண்டு காலும் மேலே. தண்ணீர் ஒரு முழம்கூட இல்லை. சின்ன மகன் ஓடிப்போய்த் தூக்கினான். இருமினான், வாந்தி எடுத்தான், அப்புறம் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு ராத்திரி வைத்திருந்து, நல்லபடியாக இருக்கிறான் என்று அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப பிள்ளைய யாரு பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்ததும், "பெத்தவளுக்கு நெனப்பு வேணாமா?" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. மருமகள் பதில் பேசவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ராத்திரி படுத்தும் எனக்குத் தூக்கம் இல்லை. யோசித்துப் பார்த்தால், அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான்தான் "சரி" என்று சொல்லவில்லை. விடிந்ததும் அவளிடம், "தப்பு என்மேலதாம்மா" என்றேன். பிள்ளைக்கு ஒன்று ஆனால் பெற்றவள் தலையில் பழி போடுவது சுலபம். அதனால் அடுத்த ஆபத்து நிற்காது.

குழு நோட்டு சொல்லும் பாடம்

நம் குழுவில் ஐம்பது ரூபாய் கை மாறினாலும் எண்ணிக் கொடுக்கிறோம், எண்ணி வாங்குகிறோம், நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். யாரும் யாரையும் நம்பாமல் இல்லை. கணக்கு விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான். அப்படியிருக்க, பிள்ளை கை மாறும்போது மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான்கு கட்டுப்பாடுகள்.

1. பொதுவாக "பாத்துக்குங்க" என்று சொல்லக் கூடாது. ஒருவரைக் குறிப்பிட்டு, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.
2. "சரி, நான் பாத்துக்கறேன்" என்று பதில் வரும்வரை பிள்ளையை விட்டு நகரக் கூடாது.
3. வாங்கியவருக்கு வேறு வேலை வந்தால், அதே மாதிரி இன்னொருவரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.
4. எட்டு, பத்து வயது அக்கா அண்ணனிடம் விட்டுப்போவது ஒப்படைப்பு ஆகாது. அதுவும் பிள்ளைதான். செல்போனில் மூழ்கியிருப்பவரிடம் கொடுப்பதும் அப்படித்தான்.

தண்ணீர் சத்தம் போடாது

விழுந்தால் கத்தும், கேட்கும் என்று நினைக்கிறோம். மூழ்குகிற பிள்ளையால் கத்த முடியாது. சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டில் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீர் போதும், சில நிமிஷத்தில் உயிர் போய்விடும். எனவே வேலை முடிந்ததும் பக்கெட், அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டி, கீழ்நிலைத் தொட்டிக்கு மூடி போடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றையும் மறக்கக் கூடாது. 2019 அக்டோபர் 25 அன்று, திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. நாடே டி.வி. முன் அழுதது. தண்ணீர் வராமல் கைவிட்ட குழி உங்கள் கொல்லையில், காட்டில் இருந்தால் இன்றைக்கே மண் போட்டு நிரப்புங்கள். சாக்கு போட்டு மூடுவது மூடுவது ஆகாது.

நம் வீட்டில் வேறு என்னென்ன?

நம் இரண்டு மாவட்டமும் பருத்தி, மக்காச்சோளம், வெங்காயம், முந்திரி விளைகிற ஊர்கள். விளைச்சலோடு சில ஆபத்துகளும் வீட்டுக்குள் வருகின்றன.

- பூச்சிமருந்து: குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது கலர்தான். பூட்டிய பெட்டியில், உயரத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய்க்கும் இதேதான்.
- முந்திரிக்கொட்டை: ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தெரியும். பச்சைக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். பிள்ளை கடித்தால் வாய் புண்ணாகும்.
- வேர்க்கடலை, புளியங்கொட்டை, காசு: மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குள் முழுக் கடலை வேண்டாம், பொடித்துக் கொடுங்கள்.
- கொதிக்கும் குழம்பு, சுடுதண்ணீர்: தரையில் இறக்கி வைக்காதீர்கள்.

நடந்துவிட்டால்

தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். அதில் நேரம்தான் போகும். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சு எழும்பும் அளவு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று போனில் சொல்வார்கள். பிழைத்து அழுதாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகவேண்டும்.

மருந்து, மண்ணெண்ணெய் குடித்திருந்தால் உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். சுட்ட இடத்தில் பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றுங்கள்.

வங்கதேசத்து முந்தானை

ஆறும் குளமும் நிறைந்த வங்கதேசத்தில் தண்ணீரில் மூழ்கிச் சாகிற குழந்தைகள் அதிகம். அம்மாமார்கள் வீட்டு வேலையில் இருக்கிற காலை நேரத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது என்று கண்டார்கள். அதனால் கிராமத்துப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை சின்னப் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டார்கள். அந்த மையத்தின் பெயர் 'ஆஞ்சல்'. அவர்கள் மொழியில் சேலை முந்தானை என்று பொருள். அங்கே போன பிள்ளைகளிடம் மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

நமக்கு அந்த முந்தானை ஊருக்கு ஊர் இருக்கிறது. அங்கன்வாடிதான் அது. 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டமே 2024 நவம்பர் 15 அன்று நம் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில்தான் தொடங்கியது. அங்கன்வாடி என்றால் சத்துமாவு, முட்டை என்று மட்டும் நினைக்காதீர்கள். நாம் காட்டில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் அங்கே இருக்கிறார். இரண்டு வயது முடிந்த பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் வீட்டில் பிள்ளை ஒரு நாளில் எத்தனை கை மாறுகிறது? எத்தனை முறை சொல்லிக் கொடுக்கிறோம்?
- நம் தெருவில் மூடாத தொட்டி, குழி, கிணறு எங்கெங்கே இருக்கிறது?
- அறுவடைக் காலத்தில் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

பேசியதோடு விடாமல் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மூடாத குழி இருந்தால் ஊராட்சிக்கு மனு கொடுங்கள்.

பேரன் இப்போது "அப்பாயி" என்று முழுசாகக் கூப்பிடுகிறான். போன வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தையை என் மடியில் உட்காரவைத்துவிட்டு, "அப்பாயி, பாத்துக்க" என்றான். நான் பேசாமல் இருந்தேன். அவன் நகரவே இல்லை. என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "சரின்னு சொல்லு" என்றான்.

சொன்னேன். அப்புறம்தான் ஓடினான்.