சலுகையும் அந்தரங்கமும்

பத்து ரூபாய்ச் சலுகைக்கு நாம் கொடுக்கும் விலை யாது? இவ்வினா சென்ற ஆண்டு என் உள்ளத்தில் எழுந்தது.

டில்லியில் எங்கள் விடுதிக்கு அருகிலுள்ள மருந்துக் கடையில், புள்ளிகள் சேரும் என்று கூறிக் கைபேசி எண் கேட்டனர். எங்கள் ஊரிலும் அக்கடைக்குக் கிளை உண்டு. ஆகவே, வீட்டுக் கணக்கில் சேரட்டும் என்று தந்தையாரின் எண்ணைச் சொன்னேன். வாங்கியது, உறக்கமின்மைக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை. மறுமாதம், மாத்திரை தீர்ந்திருக்கும் என நினைவூட்டி, அதன் பெயருடன் தந்தையாருக்குச் செய்தி சென்றது. அன்றிரவு அம்மா அழுதுகொண்டே பேசினார்.

கடைக்காரர் தீயவர் அல்லர், அமைப்பே பிழையுடையது. சலுகைச் சீட்டுக்கு வேண்டுவன இரண்டே: அது உண்மையானது, முன்னர்ப் பயன்படாதது என்னும் உறுதிகள். உடையவர் யார் என்பது வேண்டுவதில்லை. கைபேசி எண்ணோ, தனித்தனியே கிடக்கும் பில்களையெல்லாம் ஒரே மாலையாகக் கோத்துவிடும் நூல்.

எண்ணை 'ஹாஷ்' முறையால் உருமாற்றி வைத்தால் போதும் என்பாரும் உளர். நம் நாட்டுக் கைபேசி எண் பத்து இலக்கம் கொண்டது. 6, 7, 8, 9 என்பவற்றுள் ஒன்றில் தொடங்குவது. எனவே இயலக்கூடிய எண்கள் 400 கோடியே. வெறும் ஹாஷாயின், அத்தனையையும் உருமாற்றி ஒப்பிட்டு மூல எண்ணைக் கண்டுபிடித்தல் கணினிக்கு எளிது.

வேறு வழி உண்டா? உண்டு. அமெரிக்க அறிஞர் டேவிட் சௌம் 1982-இல் 'குருட்டுக் கையொப்பம்' என்னும் கணித முறையை முன்மொழிந்தார். உள்ளே கார்பன் தாள் வைத்த உறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் தாமே தேர்ந்த ஓர் எண்ணைச் சீட்டில் எழுதி உறையிலிட்டு மூடித் தருகிறார். கடைக்காரர் உறைமேல் இடும் ஒப்பம் உள்ளே சீட்டில் பதிகிறது. பின்னர்ச் சீட்டை நீட்டும்போது கடை தன் ஒப்பத்தை அறியும். அதனை யாருக்குத் தந்தது என்பதை அறியாது. அதே எண் மறுமுறை வந்தால் செல்லாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கைபேசி எண்ணைக் கேட்டு வற்புறுத்தலாகாது என 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஆயினும், நாம் வாய் திறவாவிடில் இவற்றால் பயன் என்ன? எண் கேட்கும்போது, "எதற்கு?" என்று கேட்போம். நம் துன்பத்தை எப்போது, எவரிடம் சொல்வது என்னும் உரிமை பத்து ரூபாயினும் பெரிதன்றோ!