கொழுந்துக் கணக்கில் நிரல் பழகுதல்

நிரல் எழுதப் பழகுபவருக்கு முதலில் வேண்டியது, விடை சரியா பிழையா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு. இலங்கையின் பசறை, மடூல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொழுந்துக் கணக்கு அப்படிப்பட்டது. இன்று எத்தனை கிலோ நிறுத்தது, முழுநாள் சம்பளமான முழுப்பேர் விழுந்ததா, பாதிச் சம்பளமான அரைப்பேரா, மேலதிக கிலோவுக்கு என்ன வரும் என்பதெல்லாம் லயத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். சாதாரண தரத்தில் பஸ்காலும் உயர்தரத்தில் பைத்தனும் படிக்கும் மாணவர், பாடநூலில் உள்ள பயிற்சிகளோடு இதையும் எழுதிப் பார்த்தால் நிரலின் ஒவ்வொரு வரியும் யாரைத் தொடுகிறது என்று விளங்கும்.

கீழுள்ள நிரல்துண்டு, முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் அமைந்தது. எழில் பைத்தனின் மேல் கட்டப்பட்ட திறந்த மூல மொழி என்பதால், இதைப் பைத்தனுக்கு மாற்றுவது எளிது.

நிரல்பாகம் நாள்_வரவு(நிறை, இலக்கு, சம்பளம், கிலோவிலை)
    @(நிறை < இலக்கு) ஆனால்
        பின்கொடு சம்பளம் / 2
    முடி
    பின்கொடு சம்பளம் + (நிறை - இலக்கு) * கிலோவிலை
முடி

பதிப்பி நாள்_வரவு(22, 18, 1350, 50)

விடை 1550. இதில் 18 கிலோ இலக்கும் 50 ரூபா கிலோவிலையும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. தோட்டத்துக்குத் தோட்டம் இவை மாறும். குறைந்த நிறைக்கு அரைப்பேர் போடும் வழக்கமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

மாறும் எண்ணை வெளியே வைத்தல்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. 1000 என்ற எண்ணை நிரலுக்குள் பத்து இடத்தில் எழுதி வைத்தவர் பத்து இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் யாரோ ஒருவரின் கணக்கு பழைய சம்பளத்திலேயே நிற்கும். ஆகவே துண்டு தனக்கு வேண்டிய எண்களையெல்லாம் அடைப்புக்குறிக்குள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதிய துண்டை, அதே அரைப்பேர் வழக்கமுள்ள வேறு தோட்டத்துப் பிள்ளையும் ஒரு வரிகூட மாற்றாமல் எடுத்தாளலாம்.

ஓரத்து எண்களைச் சோதித்தல்

22 கிலோவுக்குச் சரியான விடை வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது வழக்கம். பிழைகள் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கும். 17, 18, 0 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். 17க்கு 675, 18க்கு 1350 வருகின்றன. '<' குறிக்குப் பதில் '<=' போட்டிருந்தால், இலக்கைச் சரியாக எட்டிய தொழிலாளிக்கு அரைப்பேர் விழுந்து 675 ரூபா குறைந்திருக்கும். ஒரே ஒரு குறி, அரை நாள் உழைப்பு.

0 கொடுத்தால் மேலுள்ள துண்டு 675 என்கிறது. வேலைக்கு வராதவருக்கும் அது அரைப்பேர் போடுகிறது. நிரல்பாகத்தின் தொடக்கத்தில் மூன்று வரி சேர்த்தால் இது தீரும்:

    @(நிறை == 0) ஆனால்
        பின்கொடு 0
    முடி

பணத்தைச் சதத்தில் கணக்கிடுதல்

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும். 1350 ரூபாவுக்கு இவை முறையே 108 ரூபா, 162 ரூபா, 40 ரூபா 50 சதம். கணினி தசம எண்களை இரும முறையில் தோராயமாகவே வைத்திருப்பதால், பைத்தனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் விடை 0.3க்குச் சற்று மேலே போகும். மாதக் கணக்கில் இத்தகைய துணுக்குகள் சேரும். 1350 ரூபாவை 135000 சதமாக எடுத்து, முதலில் 3ஆல் பெருக்கிப் பிறகு 100ஆல் வகுத்தால் 4050 சதம் கச்சிதமாக வரும். ரூபாவாக மாற்றுவதைக் கடைசியில், அச்சிடும்போது செய்தால் போதும்.

பெயர்களை ஒப்பிடும்போது

தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயரை வைத்துத் தேடும் நிரலுக்குத் தமிழ் எழுத்தின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். 'கொழுந்து' என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. பைத்தன் எண்ணினால் எட்டு. அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றையும் யூனிகோட் தனித்தனியாக வைப்பதே காரணம். 'யோகம்மா' என்ற பெயரின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு உட்படுத்த வேண்டும். அதற்கான வசதி பைத்தனிலேயே உண்டு. எழுத்துகளை நாம் எண்ணுவதுபோல் எண்ண ஓப்பன் தமிழ் என்ற நூலகம் உதவும். இருந்தாலும் ஒரே பெயரில் பலர் இருக்கும் தோட்டத்தில் பதிவு இலக்கத்தை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு.

துண்டைப் பகிரும்போது

நிரலைப் படமாக அனுப்பினால் வாங்குபவர் மறுபடி தட்டச்சிட வேண்டும். எழுத்தாகவே அனுப்புவது நல்லது. ஆனால் சில கைத்தொலைபேசி விசைப்பலகைகள் நேர் மேற்கோள்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். அது நிரலில் பிழை காட்டும். பைத்தனில் வரியின் முன் உள்ள இடைவெளியும் இலக்கணத்தின் பகுதி என்பதால், ஒட்டும்போது இடைவெளி கலைந்தால் நிரல் ஓடாது. எழிலும் பஸ்காலும் முடிவைச் சொல்லால் குறிப்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. நிரலைத் தனிக் கோப்பாக அனுப்பினால் இரண்டு தொல்லையும் வராது.

துண்டோடு நான்கு விவரங்களும் போக வேண்டும்: எந்த மொழியின் எந்தப் பதிப்பு, உள்ளே கொடுக்கும் எண்களின் அலகு கிலோவா, ரூபாவா, சதமா, எந்தத் தேதியின் சம்பள விதி, சோதித்த எண்களும் கிடைத்த விடைகளும். 0க்கு 0, 17க்கு 675, 18க்கு 1350, 22க்கு 1550 என்று நான்கு வரி எழுதி வைத்தால், வாங்குபவர் ஓட்டிப் பார்த்த உடனே நம்பலாம். விதி மாறிய பிறகு திருத்துபவரும் எதைக் கெடுத்தோம், எதைக் காத்தோம் என்று அதே நான்கு வரியில் தெரிந்துகொள்ளலாம்.