எழுத்து ஆங்கிலம்: ஒரகடத்துத் தொழிலாளர் எந்த வழியில் படிக்கலாம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆங்கிலம் வராது என்பது வெறும் பேச்சு. மெஷின் திரையில் வரும் அலாரத்தைப் படித்துச் சரிசெய்கிறார்கள். கொரிய மேனேஜரிடமும் ஜப்பானிய இன்ஜினியரிடமும் பேசி வேலையை முடிக்கிறார்கள். லைன் லீடர், சூப்பர்வைசர் என்று ஒரு படி ஏறும்போதுதான் இடிக்கிறது. கஸ்டமர் புகாருக்குப் பதில், ஆடிட்டில் சொன்ன குறைக்கு விளக்கம், மீட்டிங் மினிட்ஸ் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறார்கள். அந்த முறையான ஆங்கிலம் பேசிப் பேசி வராது, படித்துத்தான் வர வேண்டும். எதைப் படிப்பது, யாருக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு

கூச்சம் போக நல்ல வழி. இன்டர்வியூ நெருங்கியிருந்தால் யோசிக்காமல் இதில் சேரலாம். ஆனால் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் என்று மாறிக்கொண்டே இருப்பவர்களால் ஒரே நேரத்து வகுப்புக்குத் தொடர்ந்து போக முடிவதில்லை. பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஷிஃப்ட் மாறினால் வேறு பேட்சில் உட்கார விடுவார்களா? நாம் எழுதிக் கொடுப்பதை யாராவது திருத்தித் தருவார்களா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், எழுத்துக்காக அங்கே போக வேண்டாம்.

ஆப், ஆடியோ

கம்பெனி பஸ்ஸில் போகும் நேரத்துக்கு ஏற்றவை. பிபிசியின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ இலவசம். பேசியது முழுவதும் எழுத்திலும் கிடைக்கிறது. காது பழகும், சொற்களும் சேரும். ஆனால் அது இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஆங்கிலம். ரிப்போர்ட் நடை அதிலிருந்து வராது.

தலையங்கம்

ஆங்கிலம் வளர ‘தி ஹிந்து’ தலையங்கத்தைக் கோடு போட்டுப் படி என்று சொல்வது நம் ஊர் வழக்கம். வங்கித் தேர்வு, யுபிஎஸ்சி எழுதுகிறவர்களுக்கு அது சரி. பத்து மணி நேரம் வெளியில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அது இரட்டைச் சுமை. நிதிக் கொள்கையையும் புரிந்துகொள்ள வேண்டும், அதைச் சொல்லும் வாக்கியத்தையும் பிரிக்க வேண்டும். தவிர, தலையங்கத்தின் வேலை வாதாடுவது. நம் ரிப்போர்ட்டில் வாதத்துக்கு இடமில்லை. என்ன நடந்தது, யார் சொன்னார்கள், இனி என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் வேண்டும்.

மனிதர்களைப் பற்றிய செய்திக்கட்டுரை

பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். 2021 டிசம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் 250-க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு அவதிப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. ராய்ட்டர்ஸ் அந்தப் பெண்களிடம் பேசி, நெரிசலான அறைகளைப் பற்றி விரிவாக எழுதியது.

விடுதி, கேன்டீன், கான்ட்ராக்டர் எல்லாம் உங்களுக்குப் பழகிய சங்கதி. விஷயம் தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் வாக்கியத்தின் மேல் போகும். ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையை ‘புரொபேஷனில்’ வைத்தது என்று படிக்கும்போது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லும் சொல்லை ஒரு ஆலைக்கும் சொல்லலாம் என்பது அகராதி இல்லாமலே பிடிபடும். யார் மேலும் நேரடியாகப் பழி போடாமல், நடந்ததை மறைக்காமல் எழுதுவது எப்படி என்றும் தெரியும். கஸ்டமருக்குப் போகும் பதிலுக்கு வேண்டிய திறமை அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் ஒருவருடைய முகத்தையோ அறையையோ வர்ணித்துத் தொடங்கும். அந்த அலங்காரத்தை மெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். நடுப்பகுதியின் வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் படிப்பது?

முதல் வாசிப்பில் எதையும் தேடாமல் கடைசிவரை போங்கள். இரண்டாவது வாசிப்பில், ஒரு தகவலை யார் சொன்னது என்று காட்டும் சொற்களுக்குக் கோடு போடுங்கள்: ‘அக்கார்டிங் டு’, ‘அலெஜ்டு’, ‘டிக்ளைன்ட் டு காமென்ட்’. பிறகு பத்திரிகையை மூடிவிட்டு நான்கு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, அதே நடையில் உங்கள் லைனில் நடந்த ஒன்றை எழுதுங்கள். ‘மூணாவது ஸ்டேஷன்ல ஸ்க்ரூ லூசா இருந்தது, ஆபரேட்டர் பார்க்கல’ என்று வாயில் வருவது, தாளில் இப்படி வரும்: ‘த்ரீ யூனிட்ஸ் வேர் ஃபவுண்ட் வித் லூஸ் ஸ்க்ரூஸ் அட் ஸ்டேஷன் த்ரீ. அக்கார்டிங் டு தி ஆபரேட்டர், தி டார்க் வாஸ் நாட் செக்டு ஆஃப்டர் தி ஷிஃப்ட் சேஞ்ச்.’ எத்தனை, எங்கே, யார் சொன்னது, எப்போது என்ற நான்கும் வந்துவிட்டன. ஆபரேட்டரைக் குற்றவாளி ஆக்கவும் இல்லை. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று முடிக்கும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதினால் போதும்.

தனியாகப் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ இணையதளத்தில் பல கட்டுரைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்களைப் பற்றி எம். பழனி குமார் எழுதியது அங்கே இருக்கிறது. அபர்ணா கார்த்திகேயன் தமிழ்நாட்டுக் கைத்தொழிலாளர்களைப் பற்றி எழுதியவையும் உண்டு. தமிழில் ஒருமுறை படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பாதிப் பயம் போய்விடும்.

முடிவாக

ஒரு மாதத்தில் இன்டர்வியூ என்றால் வகுப்பு. கொரியர் பேசும் ஆங்கிலம் காதில் ஏறவில்லை என்றால் ஆடியோ. அரசுத் தேர்வு எழுதுகிறவருக்குத் தலையங்கம். ரிப்போர்ட்டும் மெயிலும் எழுதித்தான் அடுத்த பதவி என்றிருப்பவருக்கு, வாரம் ஒரு செய்திக்கட்டுரையும் கைப்பட எழுதிய நான்கு வாக்கியமும். அந்த நான்கு வாக்கியத்தையும் உங்கள் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் நன்றாக எழுதுகிற அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டித் திருத்தி வாங்குங்கள். திருத்த ஆள் இல்லாமல் படிப்பது மட்டும் எழுத்தாக மாறாது.