குமிழி நடுவில் நின்றால் குறி தப்பாதா?

வேலூர் லாங் பஜாரின் ஹார்டுவேர் கடையில் கொத்தனார் வாங்கும் ரசமட்டத்துக்கும், ஸ்கோப் பொருத்திய ரைஃபிளில் மாட்டும் பபிள் லெவலுக்கும் வேலை ஒன்றுதான். வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் திரவம், அதில் ஒரு குமிழி. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அது காட்டுகிறது. சுவரில் வைக்கும்போது அதன் எல்லை கொத்தனாருக்குத் தெரியும். துப்பாக்கியில் ஏறியதும் அதைச் சுற்றி நம்பிக்கைகள் பெருகிவிடுகின்றன. வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. துப்பாக்கி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் வருவது. ஆகவே இங்கே பேசுவது சுடுதளத்தையும் காகித இலக்கையும் பற்றி மட்டுமே.

நம்பிக்கை 1: கிட்டத்து இலக்குக்கு லெவல் தேவையில்லை.

சாய்வு ஏன் குறியைக் கெடுக்கிறது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். குழலை விட்டு வெளியேறிய கணமே குண்டு கீழே இறங்கத் தொடங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் குழல் பார்வைக் கோட்டைவிடச் சற்று மேல்நோக்கி இருக்கும்படி குறியை அமைக்கிறோம். துப்பாக்கி வலப்பக்கம் சாய்ந்தால் அந்த மேல்நோக்கிய சாய்மானமும் வலப்பக்கம் திரும்பிவிடும். புவியீர்ப்பு மட்டும் நேர்கீழாகவே இழுக்கும். விளைவு, குண்டு வலப்பக்கம் விலகி, சற்றுக் கீழேயும் படும். விலகலைக் கணக்கிடுவது எளிது: அந்தத் தூரத்தில் குண்டு இறங்கும் அளவைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். அதில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. ஆனால் இயற்பியல் மாறாது. நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் 10 மீட்டரில் சுமார் 1.7 செ.மீ. இறங்கும். 3 டிகிரி சாய்வு அதை 0.9 மி.மீ. பக்கவாட்டில் தள்ளும். அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இலக்கின் பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அகலம், தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ.தான் இடம். ஆக ஏறக்குறைய 0.35 புள்ளி போய்விடும். 50 மீட்டரில் .22 ரைஃபிளின் குண்டு 12 செ.மீ.க்கு மேல் இறங்குவதால், அதே சாய்வு 6.5 மி.மீ. விலக்கும். தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இலக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தகர டப்பாவைச் சுடுபவருக்கு லெவல் வீண்செலவு. தசமப் புள்ளிக்குப் போட்டியிடுபவருக்கு அப்படியல்ல.

நம்பிக்கை 2: துப்பாக்கி எப்போதும் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் போட்டிக் களத்திலேயே இருக்கிறது. தேர்ந்த வீரர்கள் பலர் கழுத்து வளையாமல் கண் குறிக்கு நேராக வருவதற்காக ரைஃபிளை வேண்டுமென்றே சாய்த்துப் பிடிக்கிறார்கள், பதக்கமும் வாங்குகிறார்கள். அப்படியென்றால் மேலே போட்ட கணக்குப் பொய்யா? பொய்யில்லை. அவர்கள் சாய்ந்த நிலையிலேயே குறியைத் திருத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே சாய்வில் சுடுகிறார்கள். ஒரே தூரத்தில் சுடும்வரை மாறாத சாய்வு கேடு செய்யாது. மாறும் சாய்வுதான் குண்டுகளைச் சிதறவைக்கும். இந்த விலக்கு ஒரே தூரத்துக்கு மட்டும் செல்லும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. .22 ரைஃபிளை 50 மீட்டரில் குறி திருத்தி, பிறகு 100 மீட்டருக்காக ஸ்கோப்பின் உயரத் திருகைத் திருப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கில் ஏறக்குறைய 25 செ.மீ. உயர்த்த வேண்டியிருக்கும். ஸ்கோப் 3 டிகிரி சாய்ந்திருந்தால் அந்த உயர்வும் சாய்ந்தே ஏறும், குண்டு 1.3 செ.மீ. ஒதுங்கிப் படும். காற்றுதான் தள்ளியது என்று நினைத்துப் பக்கத் திருகைத் திருப்பினால், 50 மீட்டருக்குத் திரும்பும்போது அங்கே குறி தவறியிருக்கும். ஒரே தூரம் என்றால் மாறாத நிலை போதும். தூரம் மாறும் என்றால் உண்மையான செங்குத்து வேண்டும். லெவல் வாங்குவதற்கு முன் தன் தேவை இந்த இரண்டில் எது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

நம்பிக்கை 3: குமிழி நடுவில் இருந்தால் எல்லாம் நேர்.

குமிழி தன் குழாயைப் பற்றி மட்டுமே சொல்லும். அந்தக் குழாய் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டுக்கு ஒத்துப் பொருத்தப்பட்டதா என்பது அதற்குத் தெரியாது. துப்பாக்கியின் மேல்தளத்தில் ஒரு ரசமட்டத்தையும் ஸ்கோப்பின் தலையில் இன்னொன்றையும் வைத்து ஒப்பிடுவது வழக்கம். அந்தத் தளங்கள் குறுக்குக்கோட்டுக்குச் சரியாக இணையானவை என்பதற்கு என்ன உத்தரவாதம்? நம்பகமான நடுவர் கொத்தனாரின் தூக்குக்குண்டு. காற்றில்லாத நேரத்தில் 20, 25 மீட்டர் தள்ளி நூலைத் தொங்கவிட்டு, குண்டை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் ஆட்டம் அடங்கும். குண்டு நிரப்பாத துப்பாக்கியை மணல் மூட்டைகளில் அசையாமல் இருத்தி, நிற்கும் கோடு நூலோடு ஒன்றும்வரை திருப்ப வேண்டும். அந்த நிலையில் குமிழி நடுவில் வரும்படி லெவலை முடுக்க வேண்டும். பிறகு உயரத் திருகைத் திருப்பிப் பார்த்தால், கோடுகள் வெட்டும் புள்ளி நூலை விட்டு விலகாமல் நகர வேண்டும். விலகினால் கோளாறு ஸ்கோப்புக்குள் இருக்கிறது, எந்த லெவலும் அதைத் தீர்க்காது. ஸ்கோப் நேராக இருந்து, துப்பாக்கி மட்டும் அதன் கீழ் லேசாகத் திரும்பியிருந்தால் பதற வேண்டாம். ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. மேலே இருந்தால், 3 டிகிரி திருப்பம் தரும் ஒதுக்கம் 2.6 மி.மீ.தான்.

நம்பிக்கை 4: விலை கூடினால், உணர்திறன் கூடினால் நல்லது.

குழாயின் வளைவு எவ்வளவு தட்டையோ, குமிழி அவ்வளவு தூரம் ஓடும். நில அளவைக் கருவியில் 20 வினாடிக் கோணத்துக்கே குமிழி 2 மி.மீ. நகரும் குழாய்கள் உண்டு. அதைத் துப்பாக்கியில் மாட்டினால் ஒரு டிகிரிச் சாய்வுக்குக் குமிழி 36 செ.மீ. ஓட வேண்டும், மூச்சுவிடும் உடலோடு அது ஒருபோதும் நிலைக்காது. சுடுபவருக்கு ஏற்றது, ஒரு டிகிரிக்குள் குமிழி கோட்டைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரிகிற, சட்டென்று அடங்குகிற குழாய். விலையைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். வளையம் ஸ்கோப் குழாயின் விட்டத்துக்கு, அதாவது 25.4, 30 அல்லது 34 மி.மீ.க்குச் சரியாக இருக்க வேண்டும். பொருந்தாததை இறுக்கினால் குழாய் நசுங்கும். முடுக்கியபின் அசையக் கூடாது. தலையைத் தூக்காமல், ஸ்கோப்பில் பார்க்காத கண்ணுக்குக் குமிழி தெரிய வேண்டும். எட்டிப் பார்த்தால் சரிசெய்த நிலையே குலைந்துவிடும். வேலூர் வெயிலில் திரவம் விரிந்து குமிழி சிறுத்துப்போவதைப் பழுது என்று எண்ண வேண்டாம். இரு பக்க இடைவெளியும் சமமாக இருந்தால் அளவு சரியே.

நம்பிக்கை 5: அனுபவசாலிக்குக் கண்ணே போதும்.

இதில் பாதி உண்மை உண்டு. பயின்ற உடல் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரக் கற்றுக்கொள்கிறது. ஆனால் கண் செங்குத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பின்னணியில் மலைச் சரிவோ சாய்ந்த வரப்போ இருந்தால், அறியாமலே துப்பாக்கியும் அதற்கு இசைந்து சாயும். இலக்குச் சட்டமே கோணலாக நட்டிருந்தாலும் இதே கதைதான். பழகியவர் லெவலை ஒவ்வொரு நொடியும் பார்க்க வேண்டியதில்லை. விசையில் விரல் வைப்பதற்கு முன் ஒரு பார்வை போதும். விசையை வெடுக்கென்று இழுப்பவருக்கும் காற்றைக் கணிக்கத் தெரியாதவருக்கும் சில மில்லிமீட்டர் சாய்வுப் பிழை முதல் கவலையாக இருக்க முடியாது. அவர்கள் லெவலுக்கு ஒதுக்கிய பணத்தில் பயிற்சிக் குண்டுகள் வாங்கினால் புள்ளி விரைவில் ஏறும். அந்தப் பிழைகள் குறைந்து, குண்டுகள் ஒரு கூட்டமாக விழத் தொடங்கிய பிறகே சாய்வின் பங்கு தனியாகத் தெரியவரும். லெவலுக்குச் செலவிடும் பணம் அதற்குப் பிறகுதான் பலன் தரும்.